பிறழாத சாட்சியைக் காப்பது யார்?

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. விசாரணையில் முக்கிய சாட்சி பிறழ்ந்தார். ஆனாலும் வழக்கு விழவில்லை. கோயிலில் பொருத்தியிருந்த கேமராக்களின் பதிவு பிறழாமல் நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வன்கொடுமை வழக்குகள் பெரும்பாலும் எங்கே தோற்கின்றன என்பது நமக்குத் தெரியும். சாட்சி சொல்ல வேண்டியவர் ஊரில் இருப்பார். அவருக்குக் கூலி கொடுப்பவரும், வட்டிக்குக் கடன் கொடுத்தவரும், அவர் வீட்டுக்குப் போகும் பாதையின் இருபுறமும் நிலம் வைத்திருப்பவரும் எதிர்த்தரப்பாக இருப்பார்கள். வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடும்போது சாட்சி மனம் தளர்ந்துவிடுவார். கேமராவுக்குக் கூலியும் இல்லை, கடனும் இல்லை. அதனால்தான் மின்னணுச் சாட்சியம் நம் மக்களுக்குப் பெரிய துணை. ஆனால் அந்தச் சாட்சியைக் காப்பாற்றுவது யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

முதல் எதிரி காலதாமதம். கடைகளிலும் வீடுகளிலும் இருக்கும் கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். சில வாரங்களிலேயே பழையது அழிந்துபோகும். முதல் தகவல் அறிக்கை பதிவதை நாள் கணக்கில் தள்ளிப்போட்டாலே போதும், யாரும் கை வைக்காமலே சாட்சியம் காணாமல் போகும். போதாததற்கு, கேமரா வைத்திருக்கும் கடைக்காரரும் ஊர்த் தெருக்காரராகவே இருப்பார். எனவே புகார் மனுவிலேயே, எந்த இடத்தில் எந்தக் கேமரா இருக்கிறது, எந்த நேரத்துப் பதிவைக் கைப்பற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, மின்னணு வழியிலும் புகார் தர வழி செய்திருக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆனால் மின்னணுப் புகாரைக் கொடுத்தவர் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். ஆக, கடைசியில் அதே நிலையத்தின் படியேறித்தான் ஆக வேண்டும். அங்கே, 'சமாதானமாகப் போங்கள்' என்று திருப்பி அனுப்பினால்? 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்த வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும், எப்படியிருந்தாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்று உத்தரவிட்டது. நாம் நிலையத்துக்குப் போனதற்கும், எத்தனை மணி நேரம் காத்திருந்தோம் என்பதற்கும் அந்தக் கேமராவே சாட்சி. அந்த நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது நம் கையில் இருக்கும் செல்போன். சாதிப் பெயர் சொல்லித் திட்டியதை ஒரு பையன் வீடியோ எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிடமே அது வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும். ஆனால் நீதிமன்றத்துக்கு வேண்டியது சுற்றிவந்த நகல் இல்லை. அனுப்பும்போது கோப்பு சுருங்குகிறது, எடுத்த நேரம் போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. மூலப் பதிவை அழிக்காமல், வெட்டாமல், எடுத்த போனிலேயே வைத்திருக்க வேண்டும். அதை வேறு வடிவில் நகலெடுத்துத் தாக்கல் செய்தால் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி இது கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவில், கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒருவர் மற்றொரு பகுதியுமாகச் சான்றளிக்க வேண்டும். கோப்பின் விரல்ரேகை போன்ற 'ஹாஷ்' எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். தினக்கூலிக் குடும்பம் அந்த நிபுணரை எங்கே தேடும்? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அரசுச் சிறப்பு வழக்கறிஞரும் ஏற்க வேண்டிய பொறுப்பு இது.

சமூக ஊடகத்தில் இழிவுபடுத்தினால் வழக்கு உண்டா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். உண்டு. இணையத்தில் போடப்பட்ட காணொளியும் பொதுமக்கள் பார்வையில் நடந்த அவமதிப்பாகும் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது.

நீதிமன்றத்துக்குள்ளும் மாற்றம் வந்திருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஓர் அடையாள எண் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, சென்ற முறை என்ன நடந்தது என்று பார்க்கலாம். குமாஸ்தாவின் தயவுக்குக் காத்திருந்த காலத்தை நினைத்தால் இது சிறிய விடுதலைதான். ஆனாலும் நாமே பார்த்துத் தெரிந்துகொள்வது ஒன்று, நமக்குத் தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை என்பது வேறொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் உள்ளிட்ட எல்லா நடவடிக்கைகளையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது. இது கட்டாயம் என்று 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் இது சட்டம். நம் மாவட்ட நீதிமன்றத்தில் எத்தனை விசாரணைகள் அப்படிப் பதிவாகின்றன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. தீர்ப்புகளை மொழிபெயர்க்க 'சுவாஸ்' என்ற மென்பொருளை 2019-இல் உச்ச நீதிமன்றம் அறிமுகப்படுத்தியது. 2023 முதல் அரசமைப்புச் சட்ட அமர்வின் வாதங்களை எழுத்தாக்கவும் இந்தத் தொழில்நுட்பம் பயன்பட்டிருக்கிறது. தமிழில் தீர்ப்பு கிடைப்பது நல்லதே. ஆனால் நாளை சாட்சிகளின் வாக்குமூலத்தையும் இயந்திரமே மொழிபெயர்க்குமானால் கவனம் தேவை. அறுபது வயதுப் பெரியவரை ஓர் இளைஞன் 'வாடா' என்கிறான். இயந்திரம் அதை வெறும் 'வா' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் குற்றமே மறைந்துபோகும். நம் ஊரில் சாதி பல நேரம் அந்த ஒற்றை 'டா'வில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இயந்திரம் பழைய ஆவணங்களைப் படித்தே கற்றுக்கொள்கிறது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். வசதி படைத்த நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை எனச் சொல்லி, உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அப்படிப்பட்ட தீர்ப்புகளும் சேர்ந்த குவியலிலிருந்து கற்கும் இயந்திரம், யாருடைய சொல்லை நம்பத்தக்கது என்று மதிப்பிடும்?

இல்லாத தீர்ப்பைக் கற்பனையாக எழுதித் தரும் பழக்கமும் அதற்கு உண்டு. 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி உருவாக்கிய பொய்த் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தீர்ப்பு முடிவு செய்ய செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக்கூடாது என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுத்தது. செல்போனில் மனு எழுதும் நம் பிள்ளைகளும் இதை மனத்தில் வைக்க வேண்டும். அது தரும் பிரிவு எண்ணையும் வழக்குப் பெயரையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு 15100 என்ற எண். வன்கொடுமை குறித்துப் புகார் சொல்ல 14566. இந்த இரண்டு எண்களும் காலனியின் ஒவ்வொரு போனிலும் இருக்கட்டும். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, மூலப் பதிவைக் காப்பது எப்படி, வழக்கு எண்ணைத் தேடுவது எப்படி என்று ஒரு மாலையில் சொல்லிக் கொடுக்கலாம். கோயில் கேமரா தானாக நீதிமன்றத்துக்கு நடந்து வரவில்லை. ஒரு தாயும் அவருடன் நின்ற வழக்கறிஞர்களும் ஏழாண்டுகள் விடாமல் நின்றதால்தான் அதன் சாட்சி சபையேறியது.