கடைசி பெஞ்சுக்குத் தெரியாத நிறம் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. கோவையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து இணையதளம் வடிவமைக்கிற பிள்ளைகள் அவசியம் முழுதாகப் படிக்க வேண்டும். திட்டுதான், ஆனால் காரணத்தோடு திட்டுகிறேன்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து போடும் பழக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? ஹோம்ஸ்டே, ஜவுளிக்கடை, கல்லூரி அட்மிஷன், எதைத் திறந்தாலும் எழுத்து பனிமூட்டத்துக்குள் நிற்கிறது. எங்கள் தேவாலாவில் வெளியே இருக்கிற பனிமூட்டமே போதும், போனுக்குள்ளும் வேண்டாம். கேட்டால் "கிளீன் லுக் சார்" என்கிறீர்கள்.

இது ரசனைச் சண்டை இல்லை. கணக்கு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை அளக்க உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவுகோல் இருக்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் 21. வெள்ளையில் வெள்ளை என்றால் 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3. நீங்கள் ஆசையாகப் போடுகிற #999999 சாம்பல், வெள்ளை மேல் 2.85தான். ஃபெயில். கடைக்காரர்கள் விரும்பிக் கேட்கும் வாட்ஸ்அப் பச்சைப் பட்டனில் வெள்ளை எழுத்து 2-ஐக்கூடத் தொடாது. வெள்ளையில் மஞ்சளைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024-இல் அவற்றில் 81 சதவீதத்தில் எழுத்து போதிய அளவு எடுப்பாக இல்லை. ஊரே ஃபெயில் என்பதால் உங்களுக்கு கிரேஸ் மார்க் கிடையாது.

வகுப்பில் சாக்பீஸ் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? வெள்ளையும் மஞ்சளும் சீக்கிரம் தீரும். சிவப்பும் நீலமும் வருஷக் கடைசி வரை மிச்சம் கிடக்கும். கரும்பலகையில் அவை கடைசி பெஞ்சுக்குத் தெரியாது என்பது எந்த வாத்தியாருக்கும் முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். கலர் சைக்காலஜி எதுவும் நாங்கள் படிக்கவில்லை. நீலம் போட்டால் நம்பிக்கை வரும், சிவப்பு போட்டால் பசி வரும் என்று கஸ்டமரிடம் கதை விடுகிறீர்களே, முதலில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், நம்பிக்கை தானாக வரும்.

உங்கள் கடைசி பெஞ்சில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? உங்களில் பலர் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து பந்தலூர், கூடலூர் பக்கம் தோட்டங்களில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். கொழுந்து பறித்து உங்களைப் படிக்க வைத்தவர்களுக்கு இப்போது கண்புரை. வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளடிக்கும், நீலமும் ஊதாவும் மங்கும். கையில் கீறல் விழுந்த பழைய போன். சார்ஜ் நிற்க வேண்டும் என்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். நீங்கள் ஏசி அறையில் பெரிய மானிட்டரில் பார்த்துத் தேர்ந்தெடுத்த இளம் நிறம், பஸ் ஸ்டாப் வெயிலில் அவர்களுக்கு வெறும் வெள்ளைத் திரை.

போன வருஷம் எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு ஒரு விண்ணப்பம் ஆன்லைனில் போட வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மகன்தான் நிரப்பினான். தப்பாக நிரப்பிய கட்டத்துக்கு விளிம்பு மட்டும் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும், ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. அந்தப் பையனுக்குச் சிவப்பு, பச்சை பேதம் தெரியாது. எட்டு தடவை அழுத்தினான், நகரவில்லை. கடைசித் தேதி அன்று ராத்திரி தளம் மூடிக்கொண்டது. அக்காவுக்கு ஒரு வருஷம் போச்சு. "கவனமா நிரப்பணும்" என்று அவர்களைத்தான் எல்லோரும் சொன்னார்கள்!

நம் மாவட்ட இ-பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தபோது உள்ளூர்வாசிக்குப் பச்சை, விளைபொருள் வண்டிக்கு நீலம், சுற்றுலாப் பயணிக்கு ஊதா என்று பிரித்தார்கள். நல்ல யோசனைதான், தூரத்திலிருந்தே இனம் காணலாம். ஆனால் ஊதா என்பது நீலத்தோடு சிவப்பு சேர்ந்தது. சிவப்பு சரியாகத் தெரியாத கண்ணுக்கு இரண்டும் நீலம்தான். நாடுகாணி செக்போஸ்ட்டில் மழையில் நனைந்த போனை நீட்டினால் நல்ல கண்ணுக்கே சந்தேகம் வரும். நிறம் இருக்கட்டும். கூடவே "சுற்றுலா", "உள்ளூர்" என்ற சொல்லும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி எந்தத் தகவலையும் சொல்லக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

இந்த முகநூல் ஏன் நீலமாக இருக்கிறது? மார்க் சக்கர்பெர்க்குக்குச் சிவப்பு, பச்சை சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். அவரே 2010-இல் சொன்னது. முதலாளிக்கு வந்த குறை நிறத்தையே தீர்மானித்துவிட்டது. நம் தெருப் பையனுக்கு வந்தால் அது அவன் தலையெழுத்தா?

சட்டமும் இருக்கிறது. அரசுத் தளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் 2009-லேயே வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. போதாததற்கு 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம், இணைய சேவைகளை அணுக முடிவதும் 21-ஆவது பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டது.

"பிராண்ட் கலர் மாத்த முடியாது சார்" என்று ஒருத்தர் இன்பாக்ஸில் வருவார், தெரியும். மாற்ற வேண்டாம் தம்பி. அதை லோகோவிலும் மேல்பட்டையிலும் வை. படிக்கிற எழுத்தைக் கறுப்பாக வை. பட்டன் பச்சையாக இருந்தே ஆக வேண்டுமா, கரும்பச்சை ஆக்கு. தப்பான கட்டத்தின் கீழே "பின்கோடு ஆறு இலக்கம்" என்று தமிழில் எழுது. இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.

நீங்கள் செய்த தளத்தின் முகவரியை கீழே கமெண்டில் போடுங்கள். என் ஐந்து வருஷத்துப் பழைய போனில், திண்ணை வெயிலில் வைத்துத் திறந்து பார்க்கிறேன். மார்க் பொதுவிலேயே போடப்படும்.