மாதச் சம்பளம் இல்லாத மனிதர்



பெண் கொடுக்க வரும் வீட்டார் முதலில் கேட்கும் கேள்வி, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்பதுதான். அரசு அலுவலகம், வங்கி, வளைகுடா நாட்டு நிறுவனம் என்று ஏதேனும் ஒன்றைச் சொன்னால் முகங்கள் மலர்ந்துவிடும். "எழுதிப் பிழைக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள்! தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் ஓசைதான் பதிலாக வரும்.

எந்த நிறுவனத்திலும் சேராமல், எழுதிய எழுத்துக்கு மட்டும் ஊதியம் பெற்று வாழ்பவரைச் சுதந்திர எழுத்தாளர் என்கிறோம். பெயரில் சுதந்திரம் இருக்கிறது. ஆனால் முதல் தேதியில் வரும் சம்பளம் இல்லை. நோயுற்றால் விடுப்பு இல்லை. முதுமையில் ஓய்வூதியமும் இல்லை. அப்படியிருந்தும் ஒருவர் அந்த வழியைத் தேர்ந்து, அதிலேயே ஏறக்குறைய அரை நூற்றாண்டைக் கண்ணியமாகக் கழித்தார் என்றால், அவரிடம் நாம் கற்க வேண்டியது ஏதோ இருக்கத்தான் செய்யும்.

அவர்தாம் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். 1912 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தவர். தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்றான 'பத்மாவதி சரித்திர'த்தை எழுதிய அ. மாதவையாவின் மகன். மாதவையாவும் உப்பு இலாகா உத்தியோகத்தை முன்கூட்டியே விட்டுவிட்டு, எழுத்தையும் இதழ்ப் பணியையும் நாடியவர். 1925 இல் அவர் மறைந்தபோது கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது. எழுத்து சோறு போடுமா என்னும் கேள்வி அந்த வீட்டுக்குப் புதியதன்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற கிருஷ்ணன், சட்டமும் படித்துத் தேறினார். 1942 இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் பணியேற்றார். அங்கே ஆசிரியர், நீதிபதி, அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். 1949 இல் அந்தச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. வேலை போயிற்று, சென்னைக்குத் திரும்பினார். சட்டப் பட்டமும் நிர்வாக அனுபவமும் உடைய ஒருவருக்கு வேறு வேலை கிடைப்பது அரிதா? ஆயினும் எழுத்தையும் புகைப்படக் கலையையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார்.

1950 இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளேட்டில், இரு வாரங்களுக்கு ஒருமுறை இயற்கையைப் பற்றிய ஒரு பகுதியை எழுதத் தொடங்கினார். அது 46 ஆண்டுகள் தொடர்ந்தது. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறைந்தார். அவருடைய கடைசிக் கட்டுரை அச்சில் வந்ததும் அதே நாளில்தான். மாதத்திற்கு இரண்டு என்று வைத்துக்கொண்டாலும் கட்டுரைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுகிறது. அவரைத் தட்டியெழுப்ப மேலதிகாரி இல்லை; கையொப்பமிட வருகைப் பதிவேடு இல்லை. தனக்குத் தானே அதிகாரியாகவும் ஊழியனாகவும் இருப்பவனுக்கே இத்தகைய சுதந்திரம் நிலைக்கும். கட்டுப்பாட்டை வெளியிலிருந்து பெறாதவன் உள்ளிருந்து பெற்றாக வேண்டும் அல்லவா?

இவ்வளவு கட்டுரைகளுக்கும் பொருள் எங்கிருந்து கிடைத்தது? யானையையும் காட்டெருமையையும் தேடி அவர் காடுகளில் அலைந்தது உண்மைதான். தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றி விரிவான ஆய்வும் செய்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆனால் காகம், மைனா, அணில், பல்லி, தெருவில் திரியும் கழுதை ஆகியவையும் அவருடைய எழுத்தில் மதிப்புடன் இடம்பெற்றன. அவர் நூல் ஒன்றின் ஆங்கிலத் தலைப்புக்கே 'காடும் கொல்லைப்புறமும்' என்பது பொருள். காட்டையும் கொல்லையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்த எத்தனை பேருக்கு மனம் வரும்?

நம் வீட்டுச் சுற்றுப்புறத்தையே சற்று எண்ணிப் பாருங்கள். வேனிற்காலத்தில் விடியுமுன் குயில் கூவுகிறது. கூவுவது கருநிற ஆண். பெண்ணோ புள்ளிகளும் கோடுகளும் கொண்ட பழுப்பு நிறப் பறவை. அது காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. ஊரெல்லாம் ஏமாற்றுக்காரன் என்று ஏசும் காகம், தன்னுடையதல்லாத குஞ்சுக்கு இரை தேடி அலைகிறது. இந்த நாடகம் நம் வேப்பமரத்தில் நடக்கிறது. நுழைவுச் சீட்டு இல்லை. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

கிணற்றோரத்துப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றைப் பின்னுவது ஆண் குருவி. நெல்லின் தாள்களையும் புல்லின் இலைகளையும் நாராகக் கிழித்து வந்து, கூட்டைப் பாதி வரை பின்னி நிறுத்துகிறது. பின்னர்ப் பெண் குருவி வந்து சோதிக்கிறது. அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை. நீண்ட நுழைவாயிலும் அப்போதுதான் அமையும். பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே கைவிடப்படும். ஆண் குருவி வேறொன்றைத் தொடங்கும். கட்டுரையை அனுப்பிவிட்டு ஆசிரியரின் பதிலுக்குக் காத்திருக்கும் எழுத்தாளனின் நிலையும் இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: குருவி மனமுடைந்து உட்கார்ந்துவிடுவதில்லை.

எழுத்தாளன் மட்டுமா இப்படி வாழ்கிறான்? கிருஷ்ணன் பிறந்த நெல்லைச் சீமைக்கே செல்வோம். பத்தமடையில் நம் குடும்பங்கள் கோரைப் பாய் நெய்கின்றன. கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்யும் உயர்ந்த வகைப் பாய், பட்டுத் துணிபோல மடிந்துவிடும். அதை நெய்ய நாட்கள் பல ஆகும்; பாய் முடிந்தால்தான் பணம். மேலப்பாளையத்தின் வீடுகளில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்களுக்கோ ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கணக்கில் ஒன்றும் ஏறாது. இவர்களும் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களே. ஆனால் இவர்களை யாரும் 'சுதந்திரத் தொழிலாளர்' என்று அழைப்பதில்லை. "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று கூசாமல் சொல்லிவிடுகிறோம்.

இந்தச் சொல்லைத்தான் நாம் கைவிட வேண்டும். ஒருவரது உழைப்புக்கு அலுவலக முகவரி இல்லை என்பதற்காக அது உழைப்பு இல்லை என்றாகிவிடாது. வீட்டிலிருந்தபடி துணி தைக்கும் பெண்ணிடம், "அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளம்மா" என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். நமக்கு அது ஒரு வாரத் தவணை. அவள் வீட்டில் அது அடுப்பின் கணக்கு. சம்பளக்காரருக்கு முதல் தேதி எப்படியோ, இவர்களுக்கு நாம் கொடுக்கும் சொல் அப்படி.

கவனித்து வாழ்பவருக்கு இயற்கையும் ஈடு செய்கிறது என்பதற்கு வேடந்தாங்கல் நல்ல சான்று. அங்குள்ள கிராம மக்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக ஏரியின் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தார்கள். எந்த நூலையும் படித்து அவர்கள் இதை அறியவில்லை. அன்றாடம் பார்த்ததிலிருந்து அறிந்தார்கள். அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடாதீர்கள், இந்த மண்ணுக்குரிய மரங்களையே நடுங்கள் என்று கிருஷ்ணன் வாதிட்டதும் இத்தகைய அறிவினால்தான். எந்த மரத்தில் எந்த உயிர் உண்கிறது, எது கூடு கட்டுகிறது என்று பல்லாண்டு பார்த்தவருடைய சொல் அது.

இன்று கைப்பேசி நம் கண்களைக் கூலியின்றி வேலை வாங்குகிறது. பிள்ளைகள் ஆப்பிரிக்கச் சிங்கத்தைத் திரையில் கண்டு மகிழ்கிறார்கள்; கொல்லையில் கத்தும் பறவையின் பெயர் கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். நாள்தோறும் தாம் கண்ட ஏதேனும் ஒன்றைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முருங்கை பூத்தது, எறும்பு முட்டையைச் சுமந்து சென்றது, பல்லி அறுந்த வாலோடு ஓடியது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு மாதம் ஆனதும் அந்த நோட்டைக் குடும்பத்தோடு அமர்ந்து படித்துப் பாருங்கள். படைத்தவன் நம் வாசலில் எவ்வளவு வைத்திருக்கிறான் என்பது அப்போது தெரியவரும்.

அந்த நோட்டோடு இன்னொரு காரியமும் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்காக உழைத்த யாருக்கேனும் தர வேண்டிய தொகை நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.