நண்பனின் கறை

போர் மூண்டால் மக்கள் கருத்து எத்துணை விரைவாக உருமாறுகிறது! 1939இல் இட்லருடன் உடன்பாடு கண்டு போலந்தைப் பங்கிட்டுக்கொண்ட ஸ்டாலினை மேலைநாட்டார் வெறுத்தனர். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டின்மேல் படையெடுத்ததும் அவரே தோழரானார். அமெரிக்காவின் 'டைம்' இதழ் 1942க்குரிய 'ஆண்டின் மனிதர்' என அவரைப் போற்றியது. 1946 மார்ச்சில் சர்ச்சில் 'இரும்புத் திரை' பற்றி முழங்கினார். தோழர் மீண்டும் பகைவரானார். இந்த ஏழாண்டுகளில் ஸ்டாலின் மாறவில்லை. அவரைப் பார்த்த கண்களைத் தேவை மாற்றிற்று.

விலை கொடுத்தவர்கள் போலந்து மக்கள். 1940இல் சோவியத் காவற்படை ஏறத்தாழ 22,000 போலந்தியரைக் கொன்றது. அவர்களுள் சிலரின் புதைகுழிகள் 1943 ஏப்ரலில் காத்தின் காட்டில் வெளிப்பட்டன. செஞ்சிலுவைச் சங்க விசாரணை வேண்டிய போலந்து அரசோடு ஸ்டாலின் உறவை முறித்தார். நேச நாடுகள் வாய்மூடி நின்றன. மாஸ்கோ குற்றத்தை ஒப்புக்கொண்டது 1990இல்தான்.

"போர்க்காலத்தில் நண்பனின் குற்றத்தைப் பேசலாமா?" என்று கேட்போர் இன்றும் உளர். பேசத்தான் வேண்டும். கடவுளை மறுக்கும் பொதுவுடைமையோடு ஒத்துழைத்தல் ஆகாது என்று 1937இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் எச்சரித்திருந்தார். ஆகவே 1941இல் சோவியத் நாட்டுக்கு உதவலாமா என அமெரிக்கக் கத்தோலிக்கர் கலங்கினர். மக்களுக்கு உதவுவது வேறு, அக்கொள்கையை ஏற்பது வேறு என்று உரோமை தெளிவுபடுத்திற்று. அத்தெளிவே நமக்கு வழி.

இட்லரை வீழ்த்த இரஷ்ய மக்கள் சிந்திய இரத்தத்திற்கு உலகம் கடன்பட்டுள்ளது. அக்கடனைக் காட்டிக் காத்தின் இரத்தத்தை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. நண்பனுக்குத் தோள்கொடுப்போம், அவன் கறையைக் கண்டும் மௌனம் காத்தால், பிலாத்து கை கழுவிய நீரில் நாமும் கை நனைத்தவர்கள் ஆவோம்.