சுவருக்கு அப்பால் ஒருவர் உறங்குகிறார்



சுப்ஹுத் தொழுகை முடிந்து நாங்கள் பள்ளிவாசல் படியிறங்கும் வேளையில், ஒரகடம் சாலையில் நிறுவனப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இரவுப் பணி முடித்த இளைஞர்களும் இளம்பெண்களும் கண்களைக் கசக்கியவாறு இறங்கி நடப்பார்கள். நமக்குப் பொழுது விடியும்போது அவர்களுக்கு உறங்கும் நேரம் தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை பரந்து கிடக்கும் இத்தொழிற்பகுதியில் இத்தகையோர் எத்தனை பேர் என்பதை ஒரு செய்தியைக் கொண்டே உணரலாம். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடமுண்டு. குடும்பத்தோடு வந்தோரில் பலர், ஒரே சுவரை இரு வீட்டார் பகிர்ந்துகொள்ளும் லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

அத்தகைய வீடொன்றிலிருந்து சென்ற கோடை விடுமுறையில் எனக்கு அழைப்பு வந்தது. என்னிடம் ஓதிய மூன்று சகோதரர்களின் தாயார் அவர். "ஹஜ்ரத், பிள்ளைங்க சண்டை தாங்க முடியல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். முன்னறையின் வெள்ளைச் சுவரை நோக்கி ஒரு புரொஜெக்டர். அதன் அடியில் மூன்று விளையாட்டுப் பெட்டிகள். ஒன்று, துபாயிலிருந்து மாமா எப்போதோ கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2. மற்றொன்று, அதே மாமா பின்னாளில் கொண்டுவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச். மூன்றாவது பிளேஸ்டேஷன் 5. அது மூத்தவன் தன் மிகைநேர ஊதியத்தைச் சேர்த்து வாங்கித் தந்தது. சென்னை ரிச்சி தெருவில் பழைய விலைக்கு வாங்கிய ரிசீவரும், ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்சுருதி ஒலியை முழக்கும் சப்வூஃபர் ஒன்றும் உடன் இருந்தன.

சண்டைக்குக் காரணம் இதுதான்: புரொஜெக்டரில் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றே ஒன்று. ஒருவன் விளையாட வேண்டுமானால் மற்றவனுடைய கம்பியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிப் பிடுங்கித் துளை தளர்ந்து, படம் விட்டுவிட்டு வந்தது. கம்பியைத் தொட்டால் விரலில் சுரீரென்றது. ஒலியோ படத்துக்குப் பின்னே தாமதமாக வந்து சேர்ந்தது.

கலைப் பட்டதாரியான எனக்கு இவற்றில் என்ன தெரியும்? மின்னணுவியலில் பட்டயம் பெற்று, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் வேறொரு பழைய மாணவனை அழைத்துக்கொண்டேன். அவனிடம் நான் அன்று கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பல இல்லங்களுக்குப் பயன்படும்.

பெட்டிகள் மூன்றும் மூன்று காலத்தவை. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வெளிவந்தது 2000-ஆம் ஆண்டில். அதற்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று முனைக் கம்பி. மஞ்சளில் படமும், மற்ற இரண்டில் இடது, வலது ஒலியும் செல்லும். படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. முறை 2002 இறுதியில்தான் வகுக்கப்பட்டது. 2017-இல் வந்த ஸ்விட்ச்சும், இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-உம் அம்முறையைச் சேர்ந்தவை.

பிள்ளைகள் செய்த பிழை, எல்லாவற்றையும் புரொஜெக்டரில் கொண்டுபோய் இணைத்தது. புரொஜெக்டர் படம் காட்டப் பிறந்தது. ஒலியைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலையன்று. அதற்கென்றே இருக்கும் ரிசீவரின் முதுகில் நான்கு எச்.டி.எம்.ஐ. துளைகள் தூசி படிந்து வெறுமையாய்க் கிடந்தன! புதிய பெட்டிகள் இரண்டையும் ரிசீவரில் இணைத்தோம். பழைய பெட்டியின் படத்தை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றித் தரும் சிறு மாற்றி ஒன்றை வாங்கி, அதையும் ரிசீவரிலேயே செருகினோம். ரிசீவரிலிருந்து ஒரே ஒரு கம்பி புரொஜெக்டருக்குப் போயிற்று. ஒலியை ரிசீவர் தானே எடுத்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பிவிடும். படத்தை மட்டும் முன்னே தள்ளும். அதன்பின் எவரும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ரிசீவர் இல்லாத வீட்டில் எச்.டி.எம்.ஐ. ஸ்விட்ச் என்னும் சிறு பெட்டியையும், ஒலியைப் பிரித்தெடுக்கும் மற்றொரு பெட்டியையும் கொண்டு இதையே செய்யலாம்.

கம்பி வாங்கும்போது நீளத்தைக் கவனியுங்கள். உயர்ந்த தரப் படத்தைச் சாதாரணச் செப்புக் கம்பி சில மீட்டர் வரைதான் பழுதின்றிக் கடத்தும். பத்து மீட்டருக்கு மேல் வேண்டுமானால் உள்ளே ஒளியிழை கொண்ட கம்பி நல்லது. அதற்குத் திசையுண்டு, எந்த முனை பெட்டிக்கு, எந்த முனை திரைக்கு என்று அதிலேயே குறித்திருப்பார்கள். மாற்றிச் செருகினால் படம் வராது.

ஒலியின் தாமதத்துக்குக் காரணம் புளூடூத். பாட்டுக் கேட்பதற்கு அது போதும். பொத்தானை அழுத்திய கணமே ஓசை கேட்க வேண்டிய விளையாட்டுக்கு அது ஆகாது. புரொஜெக்டரிலும் 'கேம் மோட்' என்னும் அமைப்பை இயக்கிவிட வேண்டும். படத்தை அழகுபடுத்தும் வேலைகளை அது குறைப்பதால் படம் விரைந்து வரும். கோணலைத் திருத்தும் அமைப்பை நம்பாமல், கருவியையே சுவருக்கு நேராக வைப்பதும் நல்லது.

அடுத்தது, உயிர் தொடர்பானது. இருமுனைச் செருகி கொண்ட கருவிகளின் உலோகப் பகுதியில் மிகச் சிறு மின்கசிவு இருப்பது இயல்பே. எர்த் உள்ள கருவியோடு பிணைந்திருந்தால் அது நிலத்துக்குள் போய்விடும். அந்த வீட்டின் மின்பலகையில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை! ஆதலால்தான் விரலில் சுரீரென்றது. இத்தகைய நிலையில், இயங்கும் கருவியில் கம்பியைச் செருகினால் துளையினுள் இருக்கும் நுண்சில்லும் பொசுங்கக்கூடும். வீட்டு உரிமையாளரிடம் சொல்லி எர்த் இணைக்கச் செய்தோம். எதையும் செருகுமுன் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். 6 ஆம்பியர் துளை ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1,380 வாட் தாங்கும். பிளேஸ்டேஷன் 5 ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். புரொஜெக்டரும் ரிசீவரும் சேர்ந்தாலும் அளவுக்குள் அடங்கும். ஆனால் அதே நீட்டிப்புப் பலகையில் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால் ஆபத்து.

வேலை முடிந்தது என்று எழுந்தோம். அப்போதுதான் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மூத்தவன் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. மின்னணுத் தொழிற்சாலையொன்றில் அவனுக்கு இரவுப் பணி. மூன்று வாரமாகப் பகலில் சரியான உறக்கமில்லை. பேருந்தில் கண்ணயர்ந்து இருமுறை இறங்குமிடத்தைத் தவறவிட்டிருக்கிறான். பணியிடத்தில் கண் சொருகியதற்காக மேற்பார்வையாளரின் எச்சரிக்கையும் கிடைத்திருக்கிறது. இதை அவன் தாயாரிடம்கூடச் சொல்லவில்லை.

"விளையாட வேண்டாம்னு நான் சொல்லல ஹஜ்ரத். வாங்கிக் கொடுத்ததே நான்தானே" என்றான்.

தம்பியர் இருவரும் தலைகுனிந்தனர். "நாங்க சத்தத்தைக் குறைச்சுத்தானே வச்சோம்" என்றான் சின்னவன். அவன் சொன்னது பொய்யன்று. கீச்சென்ற உயர்ந்த சுருதி ஒலியைச் சுவர் பெருமளவு தடுத்துவிடும். சப்வூஃபர் எழுப்பும் தாழ்ந்த அதிர்வோ செங்கல்லையும் கடந்து போகும். விளையாடும் அறையில் மெல்லிய ஒலியாகத் தோன்றுவது, சுவருக்கு அப்பால் தலையணையில் இடியாய் விழுகிறது. ஆடுகிறவனுக்கு அது தெரியாது, படுத்திருப்பவனுக்குத்தான் தெரியும். அடுத்த வீட்டிலும் இரவுப் பணிக்குச் செல்லும் பெண்ணொருத்தி இருந்தாள். அவளும் வாய்திறந்து முறையிட்டதில்லை.

ஆகவே இன்னோர் இணைப்பும் தேவைப்பட்டது. அதற்குச் செலவு மிகக் குறைவு. ரிசீவரின் முகப்பில் ஹெட்போன் துளை உண்டு. அதில் செருகினால் ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும். ஒரு துளையை இரண்டாக்கும் சிறு இணைப்பைப் போட்டு, இருவருக்கும் ஹெட்போன் கொடுத்தோம். மூன்று பெட்டிகளுக்கும் இது பொருந்தும். சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்து விலக்கி எதிர்மூலையில் வைத்தோம். காலை ஏழு முதல் பிற்பகல் மூன்று வரை ஸ்பீக்கர் இல்லை என்று தம்பியரே ஒரு தாளில் எழுதி ரிசீவர் மீது ஒட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் சின்னவன் ஒருமுறை மறந்துவிட்டானாம். தாயார் வாய் திறக்குமுன் நடுவுள்ளவன் ஓடிவந்து அணைத்தான் என்று கேள்விப்பட்டேன்.

வீடு திரும்பும் வழியில் என் நெஞ்சு என்னையே கேட்டது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். எங்கள் மதரஸாவின் காலை வகுப்பில், பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்கட்டுமென்று சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வைத்திருந்தேன். அதன் முகம் எந்தச் சுவரை நோக்கி இருக்கிறது, அச்சுவருக்கு அப்பால் யார் உறங்குகிறார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மறுநாள் சென்று விசாரித்தேன். இரவுப் பணி முடித்துவந்த நான்கு இளைஞர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். "பரவாயில்லை ஐயா, பழகிவிட்டது" என்றார் அவர்களுள் ஒருவர்.

அந்த ஒலிபெருக்கி இப்போது அலமாரியில் இருக்கிறது. பின்வரிசைப் பிள்ளைகளை முன்னே அழைத்து அமர்த்திக்கொள்கிறேன்.