வாசிக்கிறவனுக்கு உண்டு, செய்கிறவனுக்கு?

வைகாசியில் ஆழ்வார்திருநகரி ஒன்பது கருட சேவை பார்த்துவிட்டு ஸ்ரீவைகுண்டம் திரும்பும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, நாதஸ்வரத்தை யாரு செய்வாங்க?"

ஓய்வு பெற்றபின் கும்பகோணம் போனபோது நரசிங்கம்பேட்டைக்குப் போய் இதை நேரில் பார்த்தவன் நான். ஆடுதுறைக்குப் பக்கத்து ஊர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள். பச்சை மரம் ஆகாது. பல வருஷம் காய்ந்து இறுகிய மரமாக இருக்க வேண்டும். அதைக் கடைந்து, நடுவில் துளையிட்டு, விரலுக்கு ஏழு துளை, கீழே ஐந்து துளை போடுகிறார்கள். துளை மயிரிழை தள்ளிப்போனாலும் சுரம் பிசகும். அப்புறம் அந்த மரம் விறகுக்குத்தான்.

முன்பு திமிரி என்ற குட்டை நாயனம்தான் இருந்தது. அதில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது. உதட்டால் சமாளிக்க வேண்டும். 1955-ல் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி, டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக அந்தக் குறை நீங்கிய நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். பிள்ளையின் சிஷ்யர்தான் நம்ம காருகுறிச்சி அருணாசலம். நாம் தலையாட்டி ரசித்த இசைக்குப் பின்னால் ஓர் ஆசாரியின் உளியும் இருந்தது.

2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அது பெயரைக் காக்கும்; தொழில் கற்க வருகிற பையனுக்குச் சோறு போடாது. கையும் காதும் பழக வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை அவன் வீட்டுக்கு யார் படியளப்பது?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதை நான் ஒப்ப மாட்டேன். என் அப்பா தச்சர். பத்து வயதில் நான் இழைப்புளியைத் தொட்டபோது, "ஏல, இது என்னோட போவட்டும். நீ படி" என்றார். படித்தேன், சர்க்கார் உத்தியோகம், பென்ஷன் எல்லாம் வந்தது. அப்பாவின் உளிப்பெட்டி பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது. தொழிலை விட்ட தலைமுறை நாங்கள்தான். பேரன்களைக் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை.

கோயில்கள் சிலவற்றில் நாதஸ்வரம், தவில் வாசிக்கக் கற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தி ஊக்கத்தொகையும் தருகிறார்கள். நல்ல காரியம். அதையே செய்யக் கற்பவனுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி. கற்றுக்கொடுக்கும் ஆசாரிக்கு வாத்தியார் சம்பளம். கற்கிற பையனுக்கு மாதாமாதம் ஒரு தொகை. செய்து முடித்த நாயனத்தைப் பெரிய கோயில்கள் வாங்கிக்கொள்ளட்டும். தேர்ச் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். "நான் போய்ப் படிக்கட்டுமா தாத்தா?" என்றான். வாய்வரை வந்தது அப்பாவின் அதே வார்த்தை. விழுங்கிக்கொண்டேன். "லீவுல கூட்டிட்டுப் போறேன், முதல்ல பாரு" என்றேன்.

மறுநாள் பரணில் ஏறி உளிப்பெட்டியை இறக்கினேன்.