பழுதைச் சரிசெய்வது யார்?

நம் நாட்டின் நெற்களஞ்சியமான கெடாவில் உழவுக்காலம் தொடங்கிவிட்டது. அந்நேரத்தில் டிராக்டரின் சுழல்கலப்பை மேலே எழ மறுத்தால் விவசாயி என்ன செய்வார்? பட்டறைக்குச் சென்றால் பணமும் நாளும் செலவாகும். எனவே, ஹைட்ராலிக் பழுதைத் தாமே சரிசெய்ய முனைவார். அவ்வெண்ணம் பாதி சரி. பாதி ஆபத்து என்பது என் கருத்து.

எளிய காரணங்களை நாமே ஆராயலாம். எண்ணெய் குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், பெரும்பாலும் அதில் நீர் கலந்திருக்கும். கையேட்டைப் படித்து இவற்றை மாற்றத் தெரிந்தவர் பிறரை அழைப்பது வீண் செலவே.

ஆனால், பம்பையும் வால்வையும் பிரிப்பது வேறு. அவற்றினுள் சிறு தூசி புகுந்தாலும் பழுது பெரிதாகும். அழுத்தமானி இல்லாமல் குறை எங்குள்ளது என்று உறுதிசெய்வதும் கடினம்.

எல்லாவற்றையும்விட உயிர் முக்கியம். இவ்வெண்ணெயின் அழுத்தம் 150 பாருக்கும் மேல் செல்லக்கூடும். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிட்டால் கையையே இழக்க நேரிடலாம். ஆகவே, கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. அட்டைத் துண்டால் தேட வேண்டும். கலப்பையைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே எதையும் கழற்ற வேண்டும்.

ஆழம் அறியாமல் காலை விடக்கூடாது. எண்ணெயும் வடிகட்டியும் நம் பொறுப்பு. பம்பும் வால்வும் கைதேர்ந்தவர் பொறுப்பு. இந்த எல்லையை அறிந்து நடப்பதே உண்மையான சிக்கனம்.