மேடைச் சொல்லும் மாணவர் வாழ்வும்

பரிசளிப்பு விழா மேடைகளில் நம் அரசியல் தலைவர்கள் தவறாது கூறும் வாசகம் ஒன்றுண்டு. கல்வியே தமிழரின் மூலதனம் என்பதே அது. பெற்றோர் கைதட்டுகின்றனர், மாலைகள் விழுகின்றன, தலைவர் வாகனமேறிப் போகின்றார். மறுநாட் காலையில் மணி அடிக்கும்போது அப்பாடசாலை முன்னிருந்தபடியே இருக்கின்றது.

நாம் பிறரை மட்டும் குற்றங் கூறவில்லை. நாமும் மேடையேறிப் பேசியவர்களே. வலிகாமத்துச் சிற்றூர்ப் பாடசாலை ஒன்றில் நாம் பேசி இறங்கியபோது ஒரு மாணவி அருகில் வந்து, "ஐயா, எங்களுக்குக் கணித ஆசிரியர் எப்போது வருவார்?" என்று கேட்டாள். நீதிமன்றில் எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த நாம், அன்று விடையின்றி நின்றோம்.

சொல் செயலாகிய காலமும் இம்மண்ணில் இருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண் கல்வியைப் பற்றிப் பேசியதோடு நில்லாது, 1913இல் மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியை நிறுவினார். 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அவர் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர். அக்கொள்கையை நாம் ஏற்பவரல்லர். எனினும் அந்தப் பரமேஸ்வரா வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று என்பதை மறக்கலாகாது. 1920களில் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் வளர்த்த வாலிபர் காங்கிரஸ், 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. பேச்சைக் கேட்டு மகிழ்ந்ததோடு அவர்கள் அமையவில்லை. வகுப்பறைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டுமென்று ஊராரின் பகையையும் பொருட்படுத்தாது வாதாடினர்.

சொல் வேறு வழியிற் போன காலமும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் நம் மாணவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அந்த மனக்கொதிப்பை மேடைகள் வளர்த்தன. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் இளைஞரைச் சிறப்பாக விளித்துப் போராட்டத்துக்கு அழைத்தது. அழைத்த தலைவர்கள் 1977இல் தேர்தலில் வென்று பாராளுமன்றஞ் சென்றனர். அழைக்கப்பட்ட பிள்ளைகளுட் பலர் பின்னாளிற் புத்தகத்தை மூடிவைத்துப் படகேறினர். போருக்குப் பேச்சு மட்டுமே காரணமென்று நாம் சொல்லோம். 1981இல் யாழ் நூலகத்தை எரித்தவர்களையும் 1983இல் தமிழரை வேட்டையாடியவர்களையும் நாம் மறந்துவிடவில்லை. அத்தலைவர்களுட் சிலரும் உயிரைப் பறிகொடுத்தனர். ஆயினும் பதினாறு வயதுப் பிள்ளை மேடைச் சொல்லை அலங்காரமாகக் கொள்வதில்லை, ஆணையாகவே கொள்கின்றான். இதனை உணராது பேசுவது பெரும் பொறுப்பின்மை அன்றோ?

இன்றைய நிலை யாது? கமக்காரன் புகையிலையிலும் வெங்காயத்திலும் கண்ட சிறு மிச்சத்தைப் பிள்ளையின் தனியார் வகுப்புக்குச் செலுத்துகின்றான். உத்தியோகத்தர் தம் பிள்ளையை நகரத்துப் பெரிய கல்லூரியிற் சேர்த்துவிட்டு ஊர்ப் பாடசாலையை மறந்துவிடுகின்றார். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் எவ்வாறு இலவசமாகும்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணப் பாடசாலைகளை மாகாண நிர்வாகத்தின்கீழ் வைத்தது. ஆகவே ஒவ்வொரு குறைக்கும் கொழும்பையே கைகாட்டித் தப்பித்துக்கொள்ள நம்மவருக்கு வழியில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எனவே பெற்றோருக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் நாம் கூறுவது ஒன்றே. பிரதம விருந்தினராக வரும் அரசியல்வாதி தரும் வாக்குறுதிகளை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, அவரிடமே கையொப்பம் பெறுங்கள். அடுத்த ஆண்டு அவர் வரும்போது, எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்பதை மாணவர் முன்னிலையில் அவரே வாசிக்கட்டும். மாலையை அதன் பின்னர் அணிவிக்கலாம். இந்த விதிக்கு முதலில் நாமே கட்டுப்படுகின்றோம்.